தூண்டில் போட ஒரு சின்னப் படகு: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

படகு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். விற்பவரும் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். உடனே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். முன்முனை எழும்பித் தண்ணீர் இருபுறமும் தெறிக்கும்போது பாதி பேரம் முடிந்துவிடும். ஆனால் தூண்டில்காரரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? மீன் இருக்கும் இடத்துக்குக் கொஞ்ச நேர ஓட்டம், திரும்பக் கொஞ்ச நேர ஓட்டம். மீதி நேரம் முழுவதும் படகு நங்கூரத்தில் நிற்கிறது, அல்லது நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் இருவர் எழுந்து நிற்பார்கள், ஒருவர் மீனை இழுப்பார், மற்றவர் கைவலையோடு அதே பக்கம் குனிவார். ஆகவே படகு நிற்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஓட்டம் அதற்குப் பிறகு.

இங்கே சொல்வது குடா, கழிமுகம், காயல், தீவின் மறைவு, அலைத்தடுப்புச் சுவரின் உட்பக்கம் போன்ற ஒதுக்கமான கரையோர நீருக்கு மட்டும். திறந்த கடலுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

எந்த நீரில் ஓட்டப் போகிறீர்களோ, அங்கே படகு இல்லாமலே சில நாள் கரையில் நின்று கவனியுங்கள். காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் குடா மதியத்துக்கு மேல் என்ன ஆகிறது? காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீரின் மேல் வருகிறது? அந்தத் தூரம் கூடக்கூட அலையும் கூடும். நாற்புறமும் கரை தெரிகிறது என்பதாலேயே ஒரு நீர்நிலை ஒதுக்கமானது ஆகிவிடாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் திறந்த பரப்பே ஒரு சின்னப் படகுக்குள் தண்ணீர் தெறிக்கப் போதும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கழிமுகத்தில் ஓதம் வெளியே இழுக்கும் நேரமும் கடற்காற்று உள்ளே வீசும் நேரமும் ஒன்றாக அமைவது. நீரும் காற்றும் எதிரெதிராக மோதும்போது அலை உயரத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் செங்குத்தாக, நெருக்கி நெருக்கி வரும். ஒன்றின் மேல் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முன்முனையில் அறையும். மற்றொன்று, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையருகே நீர் அசையாது. பார்க்க அழகாக இருக்கும். எஞ்சின் நின்றுபோனால், கரை கண்ணுக்குத் தெரியத் தெரியவே படகு தூரம் போய்க்கொண்டிருக்கும்.

மணிக்கு 7 முதல் 10 கடல் மைல் வேகக் காற்றில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டும். 11 முதல் 16 கடல் மைலுக்கு வந்தால் எங்கு பார்த்தாலும் நுரை. முதல் பருவத்தில் நுரை தெரியத் தொடங்கியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

நீர் வற்றிய நேரத்தில் படகு இறக்கும் சரிவுத் தளத்தையும் போய்ப் பாருங்கள். ஏற்றத்தில் எளிதாக இறக்கிய படகை வற்றத்தில் சேற்றில் தள்ளி ஏற்ற வேண்டியிருக்கும். மணல்திட்டுகள் எங்கே தலைதூக்குகின்றன என்பதும் அப்போதுதான் தெரியும். படகின் அடி ஒரு சாண் நீரில் மிதந்தாலும் எஞ்சினின் கால், அதாவது புரொப்பெல்லரைத் தாங்கும் கீழ்ப்பகுதி, அதைவிட ஆழமாக இறங்கி நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை பேர், எங்கே நிறுத்துவது

இதை வாங்கிய பிறகு யோசிக்கிறவர்களே அதிகம். காரில் இழுத்துப் போவதென்றால் படகின் எடையோடு எஞ்சின், எரிபொருள், பேட்டரி, நங்கூரம், டிரெய்லர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 25 லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய 19 கிலோ. 20 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 50 கிலோவை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டி இழுக்கக்கூடிய எடை அதன் கையேட்டில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் நன்றாக உள்ளடங்கிய படகைத்தான் பாருங்கள்.

ஆள் கணக்கு என்பது வழக்கமாக வரும் ஆட்களின் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை வரும் உறவினர் கூட்டத்துக்காகப் பெரிய படகு வாங்கினால், மற்ற நாளெல்லாம் அதைத் தனியாளாக இறக்கி ஏற்ற முடியாமல் வீட்டிலேயே விட்டுவைப்பீர்கள். தனியாளாக இறக்கி ஏற்ற முடிகிற படகே அடிக்கடி தண்ணீரைப் பார்க்கும்.

நீளம், அகலம், பக்க உயரம்

இருவர் மீன்பிடிக்க 14 முதல் 16 அடி நீளம் பொருத்தமான தொடக்கம். 12 அடி, அமைதியான நீரில் ஒருவருக்கு. மிஞ்சிப்போனால் இருவர் உட்கார்ந்தபடி. 16 அடிக்கு மேல் போனால் எடை, எஞ்சின், டிரெய்லர் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏறும்.

நீளத்தைப் பார்க்கிற அளவுக்கு யாரும் அகலத்தைப் பார்ப்பதில்லை. நிற்கிற படகில் நமக்குத் துணை அகலம்தான். ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளில் ஒரு சாண் அகலம் கூடுதலாக உள்ளது, எழுந்து நிற்பவருக்கு வேறு படகாகவே தெரியும். அதேபோல் நீர்மட்டத்துக்கு மேல் பக்கம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஆட்களை ஏற்றிய பிறகு பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையின் உயரமும் முக்கியம். தண்ணீர் பெரும்பாலும் பின்புறமாகத்தான் உள்ளே ஏறுகிறது.

பல படகுகளில் அதிகபட்ச ஆட்கள், எடை, எஞ்சின் திறன் ஆகியவற்றைக் குறிக்கும் தகடு ஒன்று இருக்கும். அது இல்லாத சிறு படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை சொல்லும் ஒரு கணக்கு உண்டு: அடியில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்றால் ஐந்து பேர். ஆனால் அந்த ஐவரும் நல்ல வானிலையில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர்கள். தூண்டில் வீசுகிறவர்கள் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் விற்கும் படகுகளுக்கு ஏ முதல் டி வரை வடிவமைப்பு வகை உண்டு. 'டி' என்பது ஒதுக்கமான நீருக்கானது. அலை சுமார் 0.3 மீட்டர், எப்போதாவது 0.5 மீட்டர். 'சி' என்பது கரையோரத்துக்கு, 2 மீட்டர் அலை வரை. எந்தக் குடாவுக்கும் மோசமான நாள் ஒன்று உண்டு என்பதால் நான் 'சி' வகையையே தேடச் சொல்வேன். அந்த எழுத்து படகைப் பற்றியது, ஓட்டுபவரைப் பற்றியது அல்ல. 'சி' என்று போட்டிருக்கிறது என்பதற்காக 2 மீட்டர் அலைக்குள் போக வேண்டியதில்லை.

அடிப்பகுதியின் வடிவம்

இதில்தான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். தட்டையான அடி, நிற்கும்போது உறுதியாக இருக்கும். ஆழமில்லாத நீரில் போகும். சின்ன எஞ்சினே போதும். ஆனால் சிற்றலையில் ஓட்டினால் ஒவ்வொரு அலையும் முதுகெலும்பில் எண்ணிக்கை வைக்கும். கூரான ஆழ்ந்த 'வி' வடிவ அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். நிறுத்தினால் பக்கவாட்டில் ஆடும். பின்பலகை அருகே அடிப்பகுதி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று விற்பனைத் தாளில் போட்டிருப்பார்கள். 20 பாகைக்கு மேல் என்றால் திறந்த கடலை மனத்தில் வைத்துச் செய்தது. ஒதுக்கமான நீரில் மீன்பிடிக்க 10 முதல் 15 பாகை வரை போதும். முன்முனை கூராகவும் பின்னால் போகப்போகத் தட்டையாகவும் அமைந்த அடி இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம்.

இரட்டை அடிகொண்ட படகுகளும் உண்டு. நிற்கும்போது மேசைபோல் நிற்கும். ஆனால் அடியில் அலை மோதும் ஓசை சிலருக்குப் பிடிக்காது. விலையும் எடையும் கூடுதல்.

தாளில் படித்தது போதும், சோதித்துப் பாருங்கள். படகு துறையில் கட்டியிருக்கும்போது நீங்களும் உங்கள் நண்பரும் ஏறி, இருவரும் ஒரே பக்க விளிம்பில் நில்லுங்கள். விளிம்புக்கும் நீருக்கும் இடையே எத்தனை விரல்கிடை மிச்சம்? இப்போது ஒருவர் குனிந்து, கைவலையால் மீனை அள்ளுவதுபோல் கையை நீருக்குள் விடட்டும். முதலில் சற்றுச் சாய்ந்து, பிறகு "இதற்கு மேல் போகமாட்டேன்" என்று நின்றுவிடும் படகு நல்லது. சாய்ந்துகொண்டே போகிற படகு, எவ்வளவு வேகமாக ஓடினாலும் உங்களுக்கு வேண்டாம். அப்படியே நடந்து முன்முனைக்குப் போங்கள். நங்கூரம் போட நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது. அங்கே கால் வைக்க இடம் இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? விற்பவர் இந்தச் சோதனைக்கு முகம் சுளித்தால் நன்றி சொல்லி வந்துவிடலாம்.

எதில் செய்தது

அலுமினியம் எடை குறைவு. கரையில் உரசினாலும் நசுங்குமே தவிர சட்டென உடையாது. பெயிண்ட் இல்லாமலே இருக்கலாம். வெல்டிங் செய்தது ரிவெட் அடித்ததைவிடக் கனம், விலையும் அதிகம். ஆனால் காலப்போக்கில் ரிவெட் தளர்ந்து ஒழுகும் தொல்லை இல்லை. உப்புநீரில் அலுமினியத்தின் எதிரி, மற்ற உலோகங்களோடு சேர்க்கை. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை அதன்மேல் பூசக் கூடாது. படகின் அடியில் விழுந்துகிடக்கும் பித்தளைத் துண்டு ஒன்றே அந்த இடத்தைச் சிறுகச் சிறுக அரித்துவிடும்.

ஃபைபர் படகு கனமானது, அதனாலேயே காற்றில் அலைக்கழியாமல் அமைதியாக நிற்கும், ஓசையும் குறைவு. உடைந்தால் ஒட்டுப்போடுவது எளிது. அதன் நோய் உள்ளே இருக்கும்: தளத்துக்கும் பின்பலகைக்கும் உள்ளே வைத்த மரம் நீர் குடித்து உளுத்துப்போவது. வார்ப்பு பிளாஸ்டிக் படகுகள் முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும், ஆனால் அந்த அளவுக்குக் கனம். காற்றடைத்த ரப்பர் படகு மிதப்பதில் அசைக்க முடியாதது; ஆனால் தூண்டில் முள்ளும் மீன் செதிலும் கத்தியும் புழங்கும் இடத்தில் அதை நான் முதல் படகாகச் சொல்ல மாட்டேன்.

முதல் படகுக்கு என் கை அலுமினியத்தின் பக்கமே நீளும். துறையில் இடிப்பதும் மணலில் ஏற்றுவதும் பழகும் காலத்தில் நடக்கத்தான் செய்யும்.

எஞ்சின்

தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்சத் திறனில் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சத்தைத் தாண்டுவது ஆபத்து, காப்பீடும் கைவிடலாம். மிகக் குறைவாக எடுத்தால் இரண்டு பேரும் மீன்பெட்டியும் ஏறிய பிறகு படகு நீரின் மேல் எழும்பாமல், முன்முனையை வானத்துக்குக் காட்டியபடி உழுதுகொண்டு போகும், எரிபொருளையும் குடிக்கும். 14 அடிப் படகு எழும்பாமல் ஓடும்போது மணிக்கு 5 கடல் மைல்தான் அதன் இயல்பான வேகம். உங்கள் மீன்பிடி இடம் பக்கத்திலேயே இருந்தால் அதுவே போதும், 6 குதிரைத்திறன் எஞ்சினோடு நிறுத்திக்கொள்ளலாம். இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

எஞ்சின் காலின் நீளம் பின்பலகைக்குப் பொருந்த வேண்டும். குட்டைக் கால் 15 அங்குலப் பின்பலகைக்கு, நெட்டைக் கால் 20 அங்குலத்துக்கு. எஞ்சினை மாட்டிய பிறகு, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மேலே இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வீணாகச் சுழலும். மிகக் கீழே இருந்தால் இழுவை.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் புகையும் சத்தமும் குறைவு, எரிபொருளும் மிச்சம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைவு, பிரித்துப் பார்ப்பதும் எளிது. ஆனால் ஆயில் கலக்க வேண்டும், சில நீர்நிலைகளில் அதற்கு அனுமதியும் இல்லை. நான்கு ஸ்ட்ரோக்கில் முழு வேகத்தில் ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், டாங்க் எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும் எஞ்சினாக இருந்தாலும் கயிறு இழுத்துக் கிளப்ப முடிகிறதா என்று பாருங்கள். 14 அடிக்கு உள்ளே பின்னால் உட்கார்ந்து கைப்பிடியால் ஓட்டுவதே நல்லது. ஸ்டீயரிங் மேடை மீன்பிடிக்கும் இடத்தைத் தின்றுவிடும். 16 அடியில் நடுவே ஒரு சிறு மேடை வைத்தால் எடை சமமாகப் பரவும்.

ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இடுப்பிலோ காலிலோ மாட்டாமல் ஓட்டவே கூடாது. ஓட்டுபவர் விழுந்துவிட்டால், கைப்பிடியை விட்ட படகு வட்டமடித்து அவர் மீதே திரும்பி வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டியிருப்பது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகவே ஆகிவிட்டது.

பழைய படகென்றால்

முதல் படகைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதை அவர் உங்களுக்குத் தெரியவிடவில்லை.

பிறகு எஞ்சினின் கீழ்ப்பகுதியில் கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்தி, விரலில் சில துளிகளை எடுங்கள். பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண் என்ன என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதிருப்பதே முக்கியம். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் சிறுதுளை வழியே நீர் பீய்ச்ச வேண்டும். அந்தத் தாரை மெலிந்திருந்தால் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கலாம். முதலாவது சில்லறைச் செலவு. இரண்டாவது அப்படி அல்ல.

எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் காலைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கண் பின்பலகையின் மேல் இருக்கட்டும். பலகை அசைந்தாலோ, மூலைகளில் விரிசல் வாய் திறந்தாலோ உள்மரம் உளுத்துவிட்டது. ஃபைபர் தளத்தின் மேல் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். ரிவெட் அடித்த அலுமினியப் படகென்றால், டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே சில விரல்கிடை உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். எது ஒழுகுகிறது என்று படகே காட்டிக்கொடுக்கும்.

பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் பொதுவாகப் படகின் அடையாள எண் பொறித்திருக்கும். அதுவும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். டிரெய்லர் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள்; கரகரவென்றால் பேரிங் போய்விட்டது.

கடைசியாக, உங்கள் வழக்கமான ஆட்களையும் சுமையையும் ஏற்றி நீரில் ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் எஞ்சின் அதன் கையேடு சொல்லும் சுழற்சியை எட்ட வேண்டும். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை. எட்டாவிட்டால் பெரும்பாலும் புரொப்பெல்லர் பொருத்தமில்லை. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா மிதந்து பாருங்கள். காற்று படகை எப்படித் திருப்புகிறது, எவ்வளவு ஆட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

படகுக்கு மேல் ஆகும் செலவு

கையில் இருக்கும் பணம் முழுவதையும் படகிலேயே போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், ஏறும்போதே போட்டுக்கொள்ள. ஒரு ஜோடி துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, தீயணைப்பான், விசில், விளக்கு, நீர்புகா உறையில் கைபேசி. கைபேசி எட்டாத நீரென்றால் கையடக்க விஎச்எஃப் வானொலி. அதில் 16-ஆம் சேனல் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கானது. மீன் காட்டும் கருவி, கூடுதல் விளக்கு, மெத்தை இருக்கை எல்லாம் அடுத்த வருடம் வாங்கலாம்.

நங்கூரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி இருக்கட்டும். அதன் கனம் நங்கூரத்தைத் தரையோடு படியவைக்கும். 5 மீட்டர் ஆழமென்றால் 25 முதல் 35 மீட்டர் வரை கயிறு விட வேண்டும். முக்கியமாக, நங்கூரத்தை முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் எஞ்சினின் எடையும் கயிற்றின் இழுப்பும் சேர்ந்து, தாழ்ந்த பின்பலகையை வரும் அலைக்கு நேராகக் காட்டிக்கொடுக்கும். சின்னப் படகுகள் மூழ்குவதற்கு இது பழைய, நன்கு தெரிந்த வழி.

படகுக்குள் மிதவை நுரை நிரப்பியிருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீர் நிறைந்தாலும் படகு நிமிர்ந்தபடி மிதந்தால், பிடித்துக்கொள்ள ஒரு பொருள் மிஞ்சும்.

முதல் சில பயணங்கள்

பதிவு, உரிமம், காப்பீடு, மீன்பிடி அனுமதி ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். பணம் கொடுக்கும் முன் உள்ளூர் துறைமுக அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். முதல் பயணத்துக்குத் தூண்டிலே எடுத்துப் போக வேண்டாம். இறக்குவது, திருப்புவது, துறையில் ஒட்டுவது, நங்கூரம் போட்டு எடுப்பது, கயிறு இழுத்து எஞ்சின் கிளப்புவது எல்லாம் வார நாளின் வெறுமையான காலையில் பழகுங்கள். விழுந்தவர் எந்தப் பக்கமாக ஏறுவார் என்று ஆழமில்லாத நீரில், எஞ்சினை அணைத்துவிட்டு, நிஜமாகவே ஏறிப் பாருங்கள். ஏணி இல்லாமல் பெரும்பாலானோரால் முடியாது. புறப்படும் முன், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

இறக்குமுன் பின்பலகையின் அடியில் உள்ள நீர்வடி துளையின் அடைப்பானைத் திருகியாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். நெடுந்தூரம் இழுத்து வந்த டிரெய்லரின் சக்கரக் குடம் சூடாக இருக்கும்போது நீரில் முக்கினால், அது குளிர்ந்து சுருங்கி உப்புநீரை உள்ளே உறிஞ்சும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள். திரும்பி வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, செங்குத்தாகவே நிறுத்தி, உள்ளே இருக்கும் நீர் முழுவதும் வடிந்த பிறகு தூக்கி வையுங்கள். டிரெய்லரையும் அதே தண்ணீரில் கழுவிவிடுங்கள்; பிரேக் இருந்தால் அதன் உட்பக்கத்தையும் சேர்த்து.